நீலத்திரை வந்ததுமே "டிஸ்க் போயி" என்று சொல்லும் கடைகள்: களியக்காவிளை, பாறசாலை பக்கத்தில் உள்ளவர்கள் கவனிக்கவும்

"டிஸ்க் போயி மோனே, டேட்டா ஒண்ணும் கிட்டில்லா" (டிஸ்க் போய்விட்டது, டேட்டா எதுவும் கிடைக்காது). எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கடை ஒன்றில் களியக்காவிளை மாணவர் ஒருவரிடம் இப்படிச் சொல்லி, லேப்டாப்பில் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கான 512 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியது போட்டு 5,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பழையதை அவர் விடாமல் கேட்டு வாங்கி வந்ததால்தான் உண்மை தெரிந்தது. அதையே திரும்ப மாட்டி, பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே இயங்கும் செட்டிங் பகுதி) ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினோம். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அது இருந்தது. கடைசி வருட ப்ராஜெக்ட் முழுதும் பத்திரமாக இருந்தது.

நடந்தது இதுதான். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடும்போது, டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி இருந்தால் அதை அணைக்கச் சொல்லி இன்ஸ்டாலர் நின்றுவிடும். அவரும் பயாஸில் அதற்கான விஎம்டி என்ற செட்டிங்கை அணைத்துவிட்டார். 11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்கள் விஎம்டி போட்ட நிலையிலேயே கம்பெனியிலிருந்து வருகின்றன. அதை அணைத்தால் விண்டோஸ் தனக்குப் பழகிய டிரைவர் வழியே டிஸ்க்கைத் தேடிக் காணாமல், 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விஎம்டியை மறுபடி போட்டால் விண்டோஸ் வந்துவிடும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு, அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். விஎம்டி போட்டிருக்கும்போது விண்டோஸ் நிறுவும் பென்டிரைவை மாட்டினால், டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கலாம். ஆர்எஸ்டி டிரைவரை 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுத்தால் டிஸ்க் தெரியும். அதைச் செய்யாமல், காலிப் பட்டியலைக் காட்டி "பாருங்க, டிஸ்க்கே இல்லை" என்றால் நம்பாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் நீங்களே பயாஸைத் திறந்து பாருங்கள். ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது: ஹெச்பியில் எஃப்10, டெல், ஏசர், ஆசஸில் எஃப்2, லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. அங்கே எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் தெரிகிறதா? தெரிந்தால் முழு ஆரோக்கியம் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் சோதிக்காமல் 'செத்துவிட்டது' என்று யாரும் சொல்ல முடியாது. எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுங்கள். ஏசரில் விஎம்டி ஒளிந்திருக்கும். மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பல மாடல்களில் வெளிவரும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற வீடியோ பார்த்து, பயாஸில் லெகசி என்ற பழைய பூட் முறையை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையாக்கியதும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' வந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது என்று சந்தேகியுங்கள். லெகசிக்கே திரும்பி, கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்து, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிய பிறகுதான் யூஇஎஃப்ஐ போட வேண்டும். ஃபார்மேட் தேவையே இல்லை.

சார்ஜரைக் கழற்றி வைத்த பிறகெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனால் தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காக்கும் சிறு பேட்டரியான சிஎம்ஓஎஸ் செல் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். செட்டிங் தானாக மாறுவதற்கு அதுவே காரணம். புது மாடல்கள் சிலவற்றில் இந்த செல் கிடையாது.

பிட்லாக்கர் நீலத்திரையில் கீ கேட்டால் ஃபார்மேட் செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள். செய்துவிட்டால் கீ கிடைத்தும் பயனில்லை.

லேப்டாப்பை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட்டில் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணையும், 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது, கழற்றும் பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்பதையும் எழுதி வாங்குங்கள். பில் மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, கட்டாயம் வாங்குங்கள்.

கடை கேரளத்தில் இருப்பதால் வழக்குக்கு அங்கே அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குமரி மாவட்டத்தாருக்கு அது நாகர்கோவில். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.