1935 வெள்ளிவிழா செட் (7 ஸ்டாம்பு): மின்ட் (தபாலில் போகாத புதுசு) வேண்டாம், யூஸ்டு (தபாலில் போய் முத்திரை விழுந்தது) வாங்குங்கள்

மன்னர் குடும்ப நினைவு ஸ்டாம்புகளை எதிலிருந்து சேர்க்கத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்: ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து 25 வருடம் ஆனதற்காக 1935 மே மாதம் இந்தியாவில் வெளியான வெள்ளிவிழா செட். பிரிட்டிஷ் இந்தியா ஒரு மன்னரின் விழாவுக்காக வெளியிட்ட நினைவு ஸ்டாம்புகள் இந்த ஏழு மட்டும்தான். 1937இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு சிலோன்கூட மூன்று ஸ்டாம்பு போட்டது, இந்தியா போடவில்லை.

அதே வெள்ளிவிழாவுக்கு 44 பிரிட்டிஷ் காலனிகளுக்கு ஒரே படம்தான், விண்ட்சர் கோட்டை. ஊர்ப் பெயர், விலை, நிறம் மட்டும் மாறும். சிலோனுக்கு 6, 9, 20, 50 சென்ட் என்று நாலு. இந்திய செட் அப்படி இல்லை, நாசிக் அச்சகத்திலேயே அச்சடித்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடம்: அரை அணாவில் கேட்வே ஆஃப் இந்தியா, 9 பையில் (முக்கால் அணா) கல்கத்தா விக்டோரியா மெமோரியல், ஒண்ணேகால் அணாவில் கல்கத்தா ஜைனர் கோயில், இரண்டரையில் தாஜ்மகால், மூன்றரையில் அமிர்தசரஸ் பொற்கோயில். 8 அணாவில் மாந்தலே பகோடா, ஏனென்றால் பர்மா அப்போது இந்தியாவோடுதான் இருந்தது, பிரிந்தது 1937இல்.

ஒரு அணாவில் நம்ம ராமேஸ்வரம் கோயில்! கறுப்பும் பழுப்புமாக இருக்கும். என்னிடம் உள்ளதில் மூலையில் வட்ட முத்திரையின் கால்வாசி விழுந்திருக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் 'DURA', கீழே ஜூன் 35. அந்தக் காலத்தில் மதுரையை அப்படித்தான், MADURA என்று, எழுதுவார்கள். ஸ்டாம்பு வெளியான அடுத்த மாதமே மதுரைப் பக்கம் யாரோ ஒருவர் ராமேஸ்வரத்தை ஒட்டிக் கடிதம் போட்டிருக்கிறார் என்பது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

யூஸ்டு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மின்ட் ஸ்டாம்பில் முத்திரையே கிடையாது, அது எங்கே போனது, எப்போது போனது என்று தேட ஒன்றும் இல்லை. அப்புறம் நம்ம ஊர் ஈரக் காற்றில் பழைய கோந்து பழுப்பேறாமல் இருப்பதே பெரிய விஷயம்.

நான் முதலில் வாங்கியது மின்ட் செட்தான். பெயர் வேண்டாம், ஆன்லைனில் விற்கும் ஒருவர் 'ஒரிஜினல் கோந்து' என்று சொல்லி அனுப்பினார். பின்பக்கம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்டாம்பு ஓரத்துப் பல் நுனியில் விரலை ஓட்டினால் முள் மாதிரி குத்தியது. அச்சடித்த தாளில் துளை போடுவதற்கு முன்பே கோந்து பூசிவிடுவார்கள், அதனால் அசல் ஸ்டாம்பின் பற்கள் மெத்தென்று நார் நாராக இருக்கும், பிறகு பூசினால்தான் கோந்து துளைக்குள் இறங்கிக் காய்ந்து விறைத்துக்கொள்ளும். திருப்பி அனுப்பினேன், பாதிப் பணம்தான் வந்தது. வாங்குமுன் பின்பக்க ஸ்கேன் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். யூஸ்டு செட் எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, மூன்றரை அணாவுக்கும் 8 அணாவுக்கும்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது.

விண்ட்சர் கோட்டை ஸ்டாம்புகளை ஒதுக்கச் சொல்லவில்லை, ஆராய்ச்சி பிடிக்கும் என்றால் அடுத்து அங்கேதான் போக வேண்டும். பிராட்பரி வில்கின்சன் என்ற கம்பெனி அச்சடித்தவற்றில் முதல் பிளேட்டின் (அச்சுத் தகடு) ஒன்பதாவது வரிசையின் முதல் ஸ்டாம்பில் கோட்டை மேல் கூடுதலாக ஒரு கொடிக்கம்பம் வந்துவிட்டது, 'எக்ஸ்ட்ரா ஃபிளாக்ஸ்டாஃப்' என்பார்கள், சாதாரண ஸ்டாம்பை விடப் பல மடங்கு விலை. வரிசையின் முதல் ஸ்டாம்பு என்பதால் மார்ஜினோடு, அதாவது தாளின் வெற்று ஓரத்தோடு, சேர்ந்து கிடைத்தால் அது இடது பக்கம்தான் இருக்கும். வலது மார்ஜினோடு யாராவது அதை நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சரி, நான் இப்போது தேடுவது 8 அணா ஸ்டாம்பில் மாந்தலே முத்திரை. முழு உறையோடு யாரிடமாவது இருந்தால் விற்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துக் காட்டினாலே போதும்.