நப்பின்னையா, நச்செள்ளையா?

பெண் குழந்தைக்குச் சூட்ட இந்தப் பழந்தமிழ்ப் பெயர்களில் எது என்பதே கேள்வி. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பெயர்கள். நக்கீரன் பெயரில் உள்ள அதே 'ந'தான் இவற்றின் முன்னும் நிற்கிறது. சிறப்பைக் குறிக்கும் அந்த ஒட்டு, அடுத்த வல்லெழுத்தை இரட்டிக்கச் செய்யும்.

பின்னை என்றால் பின்னால் பிறந்தவள், இளையவள். ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணந்த ஆயர்குலப் பெண் நப்பின்னை. திருப்பாவையின் 18ஆம் பாட்டில் ஆண்டாள் 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்று அவளைத்தான் எழுப்புகிறாள். மார்கழிதோறும் காதில் விழுவதால், அரிய பெயரானாலும் அந்நியமாகத் தோன்றாது.

நச்செள்ளையின் கதை வேறு. செள்ளை பழைய பெண்பெயர்; சேர அரசி ஒருத்தியும் அந்துவஞ்செள்ளைதான். பெயருக்குப் புகழ் சேர்த்தவரோ நச்செள்ளையார் என்ற சங்கப் புலவர். விருந்து வரக் கரைந்த காக்கைக்கு எவ்வளவு சோறு படைத்தாலும் போதாது என்று தோழி சொல்வதாகக் குறுந்தொகை 210ஆம் பாட்டைப் பாடி, 'காக்கைபாடினியார்' என்ற அடைமொழியையே பெற்றார். சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் அவருடையதே. சேர அரசன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அதற்கு ஒன்பது கா (பழைய எடை அளவு) பொன்னும் நூறாயிரம் காணமும் (பொற்காசும்) கொடுத்ததாக அந்தப் பத்தோடு சேர்ந்த பதிகம் சொல்கிறது. (இன்றைய கவிஞர்கள் பெருமூச்சு விடலாம்.)

கூப்பிடுவதற்கு நப்பின்னை எளிது. பின்னை என்று சுருக்கினாலும் அழகு. நச்செள்ளையைப் பள்ளிப் பதிவேட்டில் எப்படியெல்லாம் சிதைப்பார்களோ! ஆனாலும் என் வாக்கு நச்செள்ளைக்கே. ஒருவரின் மருமகளாக அழைக்கப்பட்டவளைவிட, தன் பாட்டால் பெயர் பெற்றவள் எனக்கு நெருக்கம்.