விக்கா கோரிக்கையில் மருத்துவச் சான்று: பாயிண்ட் எங்கே தொலைகிறது

"முதுகு வலி, இரண்டு நாளாக. கீழே விழவில்லை." மருந்தகக் குறிப்பில் இந்த ஒரு வரி ஏறிவிட்டால் போதும், சாரத்திலிருந்து விழுந்த ஊழியரின் கோரிக்கை அன்றைக்கே நொண்டத் தொடங்கிவிடும். ஆறு மாதம் கழித்து எலும்பியல் நிபுணர் எவ்வளவு விரிவாக அறிக்கை எழுதினாலும், காப்புறுதி நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த முதல் நாள் குறிப்பைத்தான். சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தை, அதாவது ஊழியர்கள் விக்கா என்று சொல்வதை, மருத்துவச் சான்று என்ற ஒரே கோணத்திலிருந்து இங்கே மதிப்பிடுகிறோம்.

சட்டத்துக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுக்க வேண்டும். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இந்தச் சட்டத்தின்படி முதலாளி மேல் தவறு என்று நிரூபிக்கும் சுமை ஊழியருக்கு இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது விபத்து நடந்தது என்று காட்டினால், எதிர்ச்சான்று வராதவரை அது வேலையால் நேர்ந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சிவில் வழக்குக்குப் போனால் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். இரண்டு வழியில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பது அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் இழப்பீட்டு முறையோடு வைத்துப் பார்த்தால் புரியும். அங்கே பொதுவாக மூன்று சான்றுகள் தேவை: இப்போது நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற மருத்துவக் கருத்து. மூன்றாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆனால் இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது அங்குள்ள விதி. 2022ஆம் ஆண்டின் பேக்ட் சட்டம் நச்சுப் புகையில் வேலை செய்தவர்களின் பல நோய்களுக்கு அந்தத் தொடர்பைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும்படி செய்தது. விக்காவும் தொடர்பை ஊகித்துக்கொள்கிறது. ஆனால் விபத்து நடந்தது என்பதையே யாராவது மறுத்தால், ஊகம் காலூன்ற இடமில்லாமல் போய்விடும். (ஆயுதப் படையினர், போலிஸ் சீருடை அதிகாரிகள், இல்லப் பணிப்பெண்கள் ஆகியோர் விக்காவுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேறு ஏற்பாடு.)

ஆக, முதல் நாள் பதிவு. இங்கே மொழிதான் பெரிய வில்லங்கம். "முதுகு பிடிச்சுக்கிச்சு டாக்டர்" என்று ஒருவர் சொல்கிறார். கூட வந்த மேற்பார்வையாளர் அதை "முதுகு வலியாம்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். மருத்துவரும் தசைப்பிடிப்பு என்று எழுதி, தைலமும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் விபத்து காணாமல் போய்விட்டது. சொல்ல வேண்டிய விதம் இதுதான்: "நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு, வேலையிடத்தில், இரண்டாம் தட்டுச் சாரத்திலிருந்து இடது பக்கமாக விழுந்தேன். இடுப்பும் இடது மணிக்கட்டும் முழங்காலும் வலிக்கிறது." நேரம், இடம், விழுந்த விதம், வலிக்கும் எல்லா உறுப்புகளும் அதில் இருக்கின்றன. பெரிய வலி சின்ன வலியை மறைத்துவிடும் என்பதால் முழங்காலைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். இரண்டு மாதம் கழித்து முழங்காலில் சவ்வு கிழிந்திருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்தால், முதல் குறிப்பில் முழங்கால் இல்லையே என்ற கேள்வி நிச்சயம் வரும்.

மருத்துவமனையில் தமிழ் தெரிந்த தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். யாரும் கிடைக்காவிட்டால் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி நீட்டலாம். குறிப்பு தவறாகப் பதிவாகிவிட்டால் பழையதை அழிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வருகையிலேயே சரியான விவரத்தைச் சொல்லி, தேதியிட்டுச் சேர்க்கச் சொல்லலாம். மூன்று நாளில் செய்த திருத்தம் நம்பப்படும். மூன்று மாதம் கழித்துச் செய்தால், பணத்துக்காகச் சேர்த்ததாகவே பார்ப்பார்கள். அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, விழுந்த இடத்தின் ஒரு படம், பார்த்த சக ஊழியரின் பெயர், இவை மருத்துவச் சான்று அல்ல. ஆனாலும் மருத்துவச் சான்று சாய்ந்து நிற்க ஒரு சுவர்.

எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு விஷயத்தில் சட்டம் 2020இல் ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. முன்பு எம்சியைக் குறைத்து லைட் டியூட்டி (இலகுவான வேலை) எழுதி வாங்கினால் விபத்தை அமைச்சிடம் தெரிவிக்காமலே தப்பிக்க வழி இருந்தது. இப்போது ஒரே ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்தாலும், தெரியவந்த 10 நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். லைட் டியூட்டி நாள்களுக்கும் விக்கா சம்பளம் உண்டு. வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாள் முழு வருமானம். அதன்பின் விபத்திலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட கட்டுமான ஊழியருக்கு இரண்டே நாள் எம்சி கொடுத்த மருத்துவர் ஒருவரை 2016இல் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்யவிடாமல் தடுத்தது. அந்தத் தீர்ப்பு தேவையான தீர்ப்பு. லைட் டியூட்டி என்று எழுதும் மருத்துவர், அந்த வேலையிடத்தில் அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சீட்டில் லைட் டியூட்டி, தோளில் சிமெண்ட் மூட்டை என்றால் காயமும் ஆறாது, சான்றும் கெடும்.

அடுத்தது பாயிண்ட். நிரந்தர இயலாமையின் ஒவ்வொரு சதவீதத்தையும் ஊழியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளுக்கு 100 சதவீத இயலாமைக்கான தொகை குறைந்தது 116,000 வெள்ளி, அதிகபட்சம் 346,000 வெள்ளி. அப்படியென்றால் ஒரு பாயிண்ட் குறைந்தது 1,160 வெள்ளி. அதற்கு முந்தைய விபத்து என்றால் பழைய வரம்புகள்தான், 97,000 முதல் 289,000 வரை. எந்த வரம்பு என்பதை விபத்து நடந்த தேதி முடிவு செய்கிறது, கோரிக்கை போட்ட தேதி அல்ல.

இரு கைகளை இழந்தாலோ இரு கண்களும் பார்வை இழந்தாலோ 100 என்று சட்ட அட்டவணையே சொல்லிவிடுகிறது. தகராறெல்லாம் நடுவில் இருக்கும் காயங்களில்தான். விரல் மூட்டு நசுங்கியவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் சிறிய கோணமானியை மூட்டின் மேல் வைத்து, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, எத்தனை பாகை வருகிறது என்று குறித்துக்கொள்கிறார். அந்தப் பாகைதான் பாயிண்ட் ஆகிறது. வலியைக் காட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே மடக்காமல் இருப்பவர் மாட்டிக்கொள்வார். மருத்துவர் பிறகு கையால் மடக்கிப் பார்த்து, இரண்டு அளவும் பொருந்துகிறதா என்று சோதிப்பார். பொருந்தாவிட்டால் உண்மையான வலியையும் சந்தேகப்படுவார்கள். பிசியோதெரபிக்குப் போகாமல் விட்டதும் பதிவில் இருக்கும். மூட்டு இறுகியது காயத்தாலா, பயிற்சி செய்யாததாலா என்ற கேள்விக்கு அதுவே வாசல் திறக்கும்.

முதுகுக் காயம்தான் மிகவும் கடினம். நாற்பது வயதுக்காரரின் எம்ஆர்ஐயில் வட்டுத் தேய்மானம் தெரிவது இயல்பு. "இது வயதால் வந்தது" என்ற வாதம் அங்கிருந்து தொடங்கும். விபத்துக்கு முந்தைய நாள் வரை முழு வேலையும் ஓவர்டைமும் செய்தார், அதற்கு முன் முதுகுக்காக ஒரு எம்சியும் எடுத்ததில்லை என்பதற்கு வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் இருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். மருத்துவரிடமும் நேராகக் கேட்க வேண்டும்: தேய்மானம் முன்பே இருந்திருந்தாலும், இந்த வலியையும் மரமரப்பையும் விபத்துதான் கொண்டுவந்ததா? அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் அறிக்கையில் அதற்குப் பதிலும் இருக்காது.

இரைச்சலால் காது கேளாமை வேறு மாதிரி. அதற்கு ஒரு விபத்து நாள் கிடையாது; ஆண்டுதோறும் எடுக்கும் செவித்திறன் சோதனைதான் சான்று. இரைச்சலில் வேலை முடித்த கையோடு சோதனைக்கு உட்கார்ந்தால் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும், அளவு நம்பகமாக இருக்காது. வேலை மாறும்போது பழைய சோதனை நகலைக் கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு. அதை வாங்கியே ஆக வேண்டும்.

காயம் ஆறி நிலைபெற்ற பிறகே மதிப்பிடுவது பழைய வழக்கம். ஒருவர் வொர்க் பெர்மிட் ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில், சம்பாதிக்க வழியில்லாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேரும். புதிய சட்டத்தில், ஆறு மாதம் ஆனபின் காயம் இன்னும் நிலைபெறாவிட்டாலும் அப்போதைய இயலாமையை வைத்தே மதிப்பிடலாம். இந்தச் சட்டத்தின் மிக நல்ல அம்சம் இதுதான் என்போம். ஆனால் மற்றோர் அறுவை சிகிச்சை பாக்கி இருப்பவர், அதற்கு முன் மதிப்பிடுவதா பின் மதிப்பிடுவதா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசிவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

பாயிண்ட் சரியாக வந்தும் பணம் குறைவது வருமானக் கணக்கில். விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரியில் ஓவர்டைமும் சேரும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் அது தவறு. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்பதால், பன்னிரண்டு சீட்டையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

இப்போது பெரும்பாலான கோரிக்கைகளைக் கையாள்வது காப்புறுதி நிறுவனங்கள். வேகம் கூடியிருக்கிறது. ஆனால் வரும் அறிவிப்பு ஆங்கிலத்தில், சதவீதமும் தொகையும் இரண்டு வரியில். அந்தச் சதவீதம் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று புரியாமலே பலர் கையெழுத்திடுகிறார்கள். இந்தக் குறை ஒன்றுக்காகவே நடைமுறைக்கு முழு மதிப்பெண் தர மனம் வரவில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளான டிடபிள்யூசி2, ஹெல்த்சர்வ், வெளிநாட்டு ஊழியர் நிலையம் ஆகிய இடங்களில் தாளைக் காட்டி விளக்கம் கேட்கலாம்.

அறிவிப்பு வந்தால் நான்கு இடங்களைப் பாருங்கள்: விபத்துத் தேதி, காயமான உறுப்புகள், சதவீதம், மாதச் சராசரி வருமானம். ஏதாவது பிசகினால் 14 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சதவீதத்தில் தகராறு என்றால் விஷயம் மருத்துவ வாரியத்துக்குப் போகலாம். நாள் எண்ணுவது அறிவிப்பு கொடுக்கப்பட்ட தேதியிலிருந்துதான், பிரித்துப் படித்த தேதியிலிருந்து அல்ல. உறை நிறுவன அலுவலக மேசையில் பத்து நாள் கிடந்தால் மிச்சம் நான்கே நாள். அதனால் சொந்தக் கைப்பேசி எண்ணையும் தங்கும் விடுதி முகவரியையும் காப்புறுதி நிறுவனத்திடம் முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.