சத்திரசிகிச்சைக்குப் பிறகு போடும் பிரா வாங்கத் தேடுகிறீர்களா? 46,500 ரூபாய் போன என் கதையைக் கேளுங்கள்

கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன். ஆறினால் நானே "காசுதானே, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்களும் அடுத்த ஆளைப் பிடித்துவிடுவார்கள். போனது 46,500 ரூபாய்.

மார்பகப் புற்றுநோயில் இடது மார்பை எடுத்தவள் நான். அந்த இடத்தில் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்து, கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றி, தோல் இழுபட்டுக் கொடுத்த பிறகு இப்போதுதான் சிலிக்கன் இம்பிளாண்ட் வைத்தார்கள். கொழும்பில் செய்தது. அங்கே ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னென்ன மாத்திரை போடுகிறேன் என்று விசாரித்து, அஸ்பிரின் போன்றவற்றை எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும், கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, தண்ணீர் வாளியைத் தொடவே கூடாது. அதோடு கம்பி இல்லாத, முன்பக்கம் திறக்கிற, மெத்தென்ற பிரா ஒன்றை ஆறு கிழமை அளவில் இரவும் பகலும் போட வேண்டும்.

அந்த பிராதான் திருகோணமலையில் எனக்குக் கிடைக்கவில்லை. என்.சி. வீதிக் கடைகளில் கேட்டால் பால் கொடுக்கும் அம்மாமார் போடுவதை எடுத்து நீட்டுகிறார்கள். வேலைக்கு நிற்கிற பொடியன்களிடம் இதை விளக்கிச் சொல்வது இன்னொரு கொடுமை.

அப்போதுதான் பேஸ்புக்கில், சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கான பொருட்களை விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. இரண்டு பிரா, இம்பிளாண்ட் மேலே ஏறாமல் பிடிக்கிற அகலப் பட்டி, சாய்வுத் தலையணை, தழும்புக்கு ஒட்டுகிற சிலிக்கன் தாள், இலவசமாக ஒரு ஜெல் பை. மொத்தமாக 46,500 ரூபாய், முழுப் பணமும் முன்னதாகவே கட்ட வேண்டும்.

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே விட்டிருப்பேன். ஆனால் குரல் பதிவில் வந்த பெண் பிள்ளை விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, முதல் ஒப்பரேஷன் நேரம் ட்ரெயின் குழாயை எங்க குத்தி வச்சனீங்கள்? படுக்கேக்க இழுத்திருக்குமே" என்று கேட்டாள். காயத்து நீரை வடிக்கிற அந்தக் குழாயோடு நான் பட்ட பாட்டை என் வீட்டு ஆட்களே ஒருநாளும் கேட்டதில்லை. "என்ர அம்மாவுக்கும் இதேதான் அக்கா. அவ போட்டதும் இதே பிராதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, ஒப்பரேஷனுக்கு முதல் கையில இருக்கும்." அன்றிரவே வங்கி அப்பில் பணம் போட்டேன்.

பணம் போன பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. எழுத்தில் மட்டும் பதில். பொருள் வழியில் இருக்கிறது, கொரியர்காரரைக் கேளுங்கள், மேடம் இன்று லீவு. ஒப்பரேஷன் திகதி வந்தது, போனது. பார்சல் வந்து சேர்ந்தபோது நான் தையலோடு வீட்டில் கிடந்தேன். அதுவரை வைத்தியசாலையில் தந்த ஒன்றைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டேன்.

பொதியைப் பிரித்ததும் ரப்பர் மணம் மூக்கில் அடித்தது. பருத்தி என்று எழுதியிருந்தது, கையில் பிடித்தால் நைலோன். கச்சான் காற்று வீசுகிற இந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு இருந்து பாருங்கள். கீழ் விளிம்பில் கம்பி இல்லை என்பது உண்மைதான். கம்பிக்குப் பதிலாகத் துணிக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துத் தைத்திருந்தார்கள், அதன் முனை விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி தையலைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. எனக்கு அது குத்தியதே தெரியாது. மார்பு எடுத்தவர்களுக்குப் புரியும், அந்தப் பக்கத் தோல் விறைத்துப்போய்த்தான் கிடக்கும். பின்னேரம் உடுப்பு மாற்ற உதவிய தங்கச்சிதான் இரத்தக் கோட்டைக் கண்டு கத்தினாள்.

கிளினிக்கில் தாதி அந்தப் பிளாஸ்டிக்கைப் பெருவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இது மருத்துவ பிராவே இல்லையம்மா" என்றார். ஜெல் பையோடு வந்த துண்டில் "சூடாக்கி மார்பில் வைக்கவும்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. உணர்ச்சி இல்லாத தோலில் சூடு வைத்தால் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சிலிக்கன் தாளையும் இரண்டாம் நாளே ஒட்டலாம் என்று எழுதியிருக்கிறார்கள். காயம் முழுதாக மூடாமல் அதை ஒட்டவே கூடாது.

தாள் பெட்டியில் "மருத்துவத் தரச் சிலிக்கன்" என்று பெரிய எழுத்து. யார் செய்தது, எந்த நாடு, ஒன்றும் இல்லை. பிரான்சில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கனை நிரப்பி இம்பிளாண்ட் விற்று 2010இல் பிடிபட்டது. அதன் நிறுவனருக்கு 2013இல் நான்கு வருடச் சிறை விதித்தார்கள். அங்கே வழக்காவது நடந்தது. இங்கே எனக்குக் கிடைத்த பதில்களைப் பாருங்கள்: "உள்ளாடை திருப்பி எடுக்க மாட்டோம், சுகாதாரக் காரணம்." "நீங்கள் தந்த அளவு பிழை." பிறகு, "அடுத்த ஓடருக்கு பத்து வீதம் கழிவு தருகிறோம்." கடைசியாக வந்ததை வாசித்து எனக்குக் கை நடுங்கியது: "காயத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்." காயத்தையாம். யாருக்கு அனுப்புவது? குரல் பதிவில் பேசிய பிள்ளையின் அம்மா உண்மையில் இருக்கிறாவா, எப்படி இருக்கிறா என்று கேட்டேன். பிளொக் பண்ணிவிட்டார்கள்.

46,500 ரூபாய். பென்சன் எடுக்கிற என் அம்மா தந்த காசும் அதற்குள் இருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இடது கையை நெடுநேரம் வைத்திருக்க முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பிராவை உங்கள் டொக்டரிடமோ தாதியிடமோ காட்டாமல் போடாதீர்கள். விறைத்த பக்கத்தைக் கண்ணாடியில் தினமும் பாருங்கள். சிவப்பு, காய்ச்சல், ஒருபக்க வீக்கம், நீர் வடிவது எது வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். யாருக்கும் உடம்புப் படம் அனுப்பாதீர்கள். குரல் பதிவு, வங்கிச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு நான் எடுத்துச் சொல்லியாயிற்று. அந்தப் பக்கம் இன்றைக்கும் அதே செட்டைப் போட்டிருக்கிறது, விலை மட்டும் 49,000 ஆகிவிட்டது.