பொன் ஃபாயில் சுவர்: சுருளில் குறையில்லை, கோபமெல்லாம் பசைமேல்தான்

சுவரில் ஒட்டிப் பொன்மினுக்கு ஏற்றும் ஃபாயில் சுருளின் விலை இறங்கியதிலிருந்து, “பட்டாசல்ல (வீட்டுக் கூடத்துல) ஒரு செவுத்துக்கு மட்டும் பண்ணிப் பாக்கலாமா அண்ணாச்சி?” என்று பாளையங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கேட்கிறார்கள். சித்திரை வெயில், ஆடிக்காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஒரு சுவரை வைத்துச் சொல்லும் பதில் இது. சுருளின் அகலம், நிறம், மீட்டர் கணக்கு எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். கடையில் யாரும் வாய் திறக்காத சங்கதி பசை.

சுருளை முதலில் பாராட்டிவிட வேண்டும். மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன்மேல் எளிதில் பிரியும் ஒரு பூச்சு. அடுத்து நிறமேற்றிய லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரி ஒரு மெருகுப்பூச்சு. அதற்கும் பின்னால் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். பொன்னாகத் தெரிவது லாக்கரின் மஞ்சளும் அலுமினியத்தின் மினுக்கும் சேர்ந்த நிறம். சுவரில் ஒட்டிப் படலத்தை உரித்ததும் லாக்கர் வெளிப்பக்கம் வந்து அலுமினியத்தை மூடிக்கொள்கிறது. அதனால்தான் பித்தளை ரேக்கு போல இது கறுப்பதில்லை. பித்தளை ரேக்கு என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு. மேல்பூச்சு இல்லாமல் விட்டால் விரல் வியர்வை பட்ட இடம்கூடச் சில வாரத்தில் பழுப்பாகும். உவரி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம். ரேக்குத் தாள் 14 சென்டிமீட்டர் சதுரம். அரை சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் 100 தாள் ஏறக்குறைய 19½ சதுர அடிதான் வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றுக்கு ஒற்றை ஜன்னல் திறந்திருந்தாலும் தாள் கையில் நிற்காது. சுருளுக்கு அந்தக் கஷ்டம் எதுவுமில்லை. காலை வெயில் தார்சா என்கிற முன்தாழ்வாரம் வழியாகச் சாய்ந்து உள்ளே வரும் அரைமணி நேரம் அந்தச் சுவர் தருகிற வெளிச்சத்தை எந்த மெட்டாலிக் பெயிண்டும் தராது.

சிவகாசி அச்சுக்கூடங்களுக்குப் போகிற, சூட்டில் ஒட்டும் ஃபாயிலும் மலிவாகக் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகையில் பொன்னெழுத்து பதிக்க அருமையான சாமான். குளிர்ந்த பசையில் அதை ஒட்டினால் சில வகை பிரியும், சில வகை படலத்தை விட்டு வரவே வராது. ஒரு சாண் துண்டு வாங்கி ஒட்டிப் பார்க்காமல் முழுச் சுருள் எடுக்கக் கூடாது.

இப்போது பசை. குப்பியின் லேபிளில் உள்ள முறை இதுதான்: சுவர் முழுக்க ரோலரால் பசையை ஓட்டு, வெள்ளை மாறித் தெளிவானதும் ஃபாயிலைக் கசக்கி அங்கங்கே அழுத்து, உரி, இடைவெளிகளில் அடிநிறம் தெரியட்டும். படத்தில் பார்க்க அழகு. அந்த இடைவெளிகளில் பசை என்ன ஆகும் என்று லேபிளில் ஒரு வரி கிடையாது. அது அழுத்தினால் ஒட்டுகிற அக்ரிலிக் பசை; காய்ந்தாலும் இறுகாது. ஒட்டுத்தன்மையோடு இருப்பதற்காகவே செய்த பொருள். ஃபாயில் மூடாத ஒவ்வொரு விரற்கடை இடமும் பலாப்பழப் பிசின் போலத் தூசிக்குக் காத்திருக்கிறது. வெப்பம் 40 டிகிரியை ஒட்டும்போது, அதுவும் பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவரில், பசை இன்னும் இளகும். பிறகு வருகிற ஆடிக்காற்றின் புழுதி, ஃபேன் இறக்கையிலிருந்து உதிரும் அழுக்கு, பூஜை விளக்கின் கரி எல்லாம் அங்கே போய் உட்காரும். செங்காவி அடிநிறம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு வருஷத்துக்குள் சாம்பல் கறை. ஈரத்துணியால் துடைத்தால் துணியின் நூல்தான் ஒட்டுகிறது.

பசை செய்தவர்களுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். பசை இறுகிவிட்டால் ஃபாயிலைப் பிடிக்காது. ஒட்டுத்தன்மை அதன் வேலை. குற்றம் லேபிளில்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் செய்கிற முறையே வேறு: சுவரில் எந்த வடிவம் வேண்டுமோ அதைப் பசையிலேயே போட்டுவிடுவார்கள். கடற்பஞ்சை நனைத்துப் பிழிந்து, பசையை மெல்லத் தொட்டு, சுவரில் திட்டுத்திட்டாக ஒற்றுவார்கள். அல்லது காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் இழுப்பார்கள். பிறகு பசை பட்ட இடம் முழுவதையும் ஃபாயிலால் மூடுவார்கள். அப்படிச் செய்தால் இடைவெளியில் இருப்பது வெறும் அடிநிறம். அங்கே தூசி ஒட்டாது. இந்த ஒரு விஷயத்தை லேபிளில் போட்டிருந்தால் எத்தனை பேர் சுவர் பிழைத்திருக்கும்!

நேரக் கணக்கிலும் லேபிளை நம்ப முடியாது. அதில் உள்ள நிமிடங்கள் மிதமான தட்பவெப்பத்துக்கு எழுதியவை. சித்திரையில் வறண்ட காற்று அடிக்கும்போது பத்து நிமிடத்திலேயே பால்நிறம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரமானாலும் ஓரங்களில் வெண்மை நிற்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலின் பின்பக்க முட்டியால் தொட்டுப் பாருங்கள். முட்டி லேசாக ஒட்டி, எடுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து, தோலில் ஒன்றும் படியாவிட்டால் பதம் வந்துவிட்டது. வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டினால் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் படலம் அதை வெளியே விடாது. ஃபாயில் வழுக்கும், மினுக்கு மங்கும். பாதி காய்ந்த பசைமேல் ரோலரை இன்னொரு தடவை ஓட்டினாலோ வரிவரியாக மேடு எழும். கண்ணாடி மாதிரி மினுங்கும் பரப்பு அந்த வரிகளை ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கும்.

அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டி பார்த்து, 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220 நம்பர். தூசியைத் துடைத்து பிரைமர். அதன்மேல் செங்காவி நிறத்தில் சாட்டின் பூச்சு (லேசாகப் பளபளக்கும் பெயிண்ட்) இரண்டு கோட்டிங், ஒரு நாள் இடைவெளி. பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் பசையைக் குடித்துவிடும், வேண்டாம். ஃபாயிலை நிறப்பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மென்துணியால் தேய்க்கவும். படலத்தை நேராக வெளியே இழுக்காமல், சுவரை ஒட்டி மடக்கிச் சட்டென்று இழுக்கவும். ஒருமுறை பயன்பட்ட துண்டில் மீந்திருக்கும் பொன்னை விட்ட இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுவரின் ஈரமும் பசைக்குச் சமமான எதிரி. சிமென்ட் பூச்சும் வெள்ளை சிமென்ட் பட்டியும் காரத்தன்மை உள்ளவை. ஓதம் ஏறும்போது அந்தக் காரத்தைத் தண்ணீர் மேலே கொண்டுவரும். அலுமினியம் காரத்தில் கரையும் உலோகம். ஃபாயிலில் இருக்கும் அலுமினியமோ நம்ப முடியாத அளவு மெல்லியது. தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரம் வரை பொன் மறைந்து வெறும் மஞ்சள் லாக்கர் மட்டும் நிற்கும் சுவர்களுக்கு இதுதான் காரணம். புதுப் பூச்சு 28 நாளாவது ஆறவேண்டும். காரம் தாங்கும் பிரைமர் அவசியம். தாமிரபரணிக் கரையோரத்துப் பழைய காரைச் சுவர் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. இரண்டடி சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கண்டால் அந்தச் சுவரில் ஃபாயில் வேலையே கூடாது.

ஏற்கெனவே லேபிள் முறையில் ஒட்டி, இடைவெளியில் பிசுக்கோடு இருப்பவர்கள் அவசரப்பட்டுப் பாலியூரித்தேன் வார்னிஷை அடிக்க வேண்டாம். இளகிய பசைமேல் இறுகிய படலம் உட்கார்ந்தால், வெயில் ஏறும்போது அது மயிரிழையாக வெடிக்கும். முதலில் மைக்கா தூளை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து ஒட்டுகிற இடங்களில் மட்டும் தேய்த்து அடைக்கவும். முகப் பவுடரும் பிசுக்கைப் போக்கும், ஆனால் வெளுத்துத் தெரியும். உபரித் தூளைத் தட்டிவிட்டு, தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷை மெல்லிசாக இரண்டு கை ஓட்டலாம். ஸ்பிரிட்டில் கரையும் ஷெல்லாக் (அரக்கு மெருகு) அடிப்பதானால் மூலையில் சோதித்த பிறகே. சில ஃபாயில்களின் நிற லாக்கர் ஸ்பிரிட்டில் கலங்கிவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: சுருள் முதல்தரம், வெளிச்சம் அபாரம், விலையும் இப்போது நியாயம். இருந்தும் பட்டாசல் சுவருக்கு வாங்காதீர்கள். கறை படிந்த சுவரைத் தினம் கடந்துபோகிற எரிச்சலுக்கு அந்த அரைமணி வெளிச்சம் ஈடாகவில்லை. கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டடிக்கு இரண்டடி பலகை எடுத்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, பஞ்சால் பசை ஒற்றும் முறையில் செய்யுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குலக் கட்டை கொடுத்து மாட்டினால் ஓதம் தொடாது, மேற்கு வெயில் ஏறும் மாதங்களில் கழற்றி வேறு சுவருக்கு மாற்றிக்கொள்ளலாம்.