42 நொடி: குளஸ்டர்எஃப்எஸ்ஸோடு மூன்று வருடம்

போன வாரம் ஒரு சர்வரின் பவர் சப்ளை போய்விட்டது. மாற்றிவிட்டு நிமிர்வதற்குள் நண்பனிடமிருந்து கேள்வி: "குளஸ்டர்எஃப்எஸ் போடலாமாடா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். (பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கோப்பு அமைப்பாகக் காட்டும் மென்பொருள் அது. எழுத்துப்பிழை இல்லை, இந்தக் கிளஸ்டரின் பெயரே குளஸ்டர்தான்.)

நிறுவுவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. தனி டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து, ஃபயர்வாலில் 24007-ஐயும் பிரிக்குகளுக்காக (ஒவ்வொரு சர்வரிலும் கோப்புகள் உட்காரும் அடைவுதான் பிரிக்) 49152-இலிருந்து மேலே உள்ள போர்ட்டுகளையும் திறந்துவிட்டால், பியர் புரோப், வால்யூம் கிரியேட், ஸ்டார்ட் என்று மூன்று கட்டளை, அவ்வளவுதான். நான் முதலில் ரெப்ளிகா 2 போட்டேன், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு சர்வரில் இரண்டு பிரதி. ஸ்பிளிட் பிரெயின் (இரண்டு பிரதியும் வேறுபட்டு, எது சரி என்றே தெரியாத நிலை) வரலாம், தொடரவா என்று அதுவே கேட்டது. ஒய் தட்டினேன். வந்தது. பிறகு மூன்றாவது மெஷினை ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, சேர்த்தேன். அதில் கோப்புகளின் பெயரும் விவரமும் மட்டும்தான் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. சின்ன டிஸ்க்கே போதும். ஸ்பிளிட் பிரெயின் நானாக வாங்கிக் கட்டிக்கொண்டது, அதற்கு மென்பொருளைத் திட்ட மாட்டேன்.

திட்டப்போவது 42 நொடியை.

ஒரு சர்வர் பொட்டென்று அணைந்தால் கிளையன்ட்டுக்கு, அதாவது கோப்புகளைப் பயன்படுத்தும் மெஷினுக்கு, அது தெரியாது. பதில் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்பதை நெட்வொர்க் பிங் டைம்அவுட் முடிவு செய்கிறது, அதன் இயல்பு மதிப்பு 42 நொடி. கோப்பின் இன்னொரு பிரதி பக்கத்து சர்வரில் குத்துக்கல் மாதிரி இருக்கும், இருந்தும் கிளையன்ட்டில் அதை இணைத்திருக்கும் அடைவு (மவுன்ட்) உறைந்து நிற்கும். எல்எஸ் அடித்தால் கர்சர் மட்டும் கண் சிமிட்டும். புரோசஸ்கள் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் டி நிலையில் குவிய, லோடு ஆவரேஜ் எகிறும்.

விபத்தென்றால் பொறுத்துக்கொள்ளலாம். நானே ஒழுங்காக ரீபூட் செய்தபோதும் இதேதான். குளஸ்டர்டி சர்வீஸை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது வெறும் மேலாளர். பிரிக்குகளைக் கையாளும் குளஸ்டர்எஃப்எஸ்டி புரோசஸ்கள் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவை சாவதற்கு முன்னால் நெட்வொர்க் இறங்கிவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போன கணக்கு, மறுபடியும் 42. முதலில் அவற்றைக் கொன்றுவிட்டால் டிசிபி இணைப்பு முறையாக மூடும், கிளையன்ட்டும் காத்திருக்காது. அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் பேக்கேஜோடு வருகிறது. என் கண்ணில் பட ஒரு வருடம் ஆனது!

டைம்அவுட்டை 10 ஆகக் குறைத்தும் பார்த்தேன். பெரிய ஹீல் (பின்தங்கிய பிரதியைச் சரிசெய்யும் வேலை) ஓடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, வேலைப் பளுவில் பதில் தாமதமான சர்வரைச் செத்ததாக நினைத்து கிளையன்ட் இணைப்பை வெட்டியது. திரும்ப இணையும்போது திறந்திருந்த கோப்புகள், பூட்டுகள் எல்லாவற்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஹீல் பட்டியல் குறைவதற்குப் பதில் நீண்டது. விடிவதற்குள் 42-க்கே திரும்பினேன். அந்த எண்ணை வைத்தவர்களுக்குக் காரணம் இருந்திருக்கிறது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளை போன அன்று ஒரு கோப்பு கூடப் போகவில்லை. சர்வர் எழுந்ததும் ஹீல் இன்ஃபோவில் எண்ணிக்கை இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது, நான் ஒரு கட்டளையும் தரவில்லை. பிரிக்குக்குள் எட்டிப் பார்த்தால் கோப்புகள் அதே பெயரில், அதே அடைவில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கின்றன. குளஸ்டரே கவிழ்ந்தாலும் டிஸ்க்கைக் கழற்றிப் படித்துக்கொள்ளலாம். இதே வேலை செய்யும் செஃப் என்ற மென்பொருளில் இந்த நிம்மதி கிடையாது. ஆனால் பிரிக்குக்குள் போய் எதையும் அழித்துவிடாதீர்கள். உள்ளே மறைவாக இருக்கும் அடைவில் அதே கோப்புக்கு ஒரு ஹார்டு லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) உண்டு. பெயர் போகும், இடம் காலியாகாது.

நண்பனிடம் "போடாதே" என்றேன். ரெட் ஹாட் 2011-இல் குளஸ்டரை வாங்கியது, தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டது. அவனிடம் சொன்ன காரணம் இதுதான். உண்மைக் காரணம், போன வாரம் அந்த 42 நொடியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ நீ எதுக்கு மாறப்போறே?" என்றான். நான் எங்கே மாறுவது? ஆர்பிட்டரை எடுத்துவிட்டு மூன்றாவது மெஷினிலும் முழுப் பிரதி வைக்கப் பெரிய டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைதான்.