மணலுக்கு முழு மதிப்பெண், ஜோடி மாற்றும் விதிக்குப் பாதிகூட இல்லை

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டின மணலில், சனி ஞாயிறு இரண்டு நாள் பீச் வாலிபால் போட்டி. ஜோடிக்கு 1,600 ரூபாய் நுழைவுக் கட்டணம். காசு கட்டி ஆடியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நடத்தியவர்கள் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சின்ன வயசுப் பையன்கள், இரண்டு நாளும் தூங்கின மாதிரியே தெரியவில்லை. அவர்கள் பிழைப்பில் மண் போடுவது என் எண்ணம் இல்லை. படித்தால் அவர்களுக்கே புரியும்.

எனக்கு 39 வயது. ஊர் திருச்செந்தூர் பக்கம். தேரிக்காட்டுச் செம்மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன். பொங்கலுக்குப் பொங்கல் மின்னொளி கைப்பந்துப் போட்டிகளில் ஊர் டீமுக்கு லிஃப்டர். இப்போது வேளச்சேரியில் பைக் உதிரிபாகக் கடை. இந்த வயதில் ஆறு பேரை ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவைப்பது கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம். இரண்டு பேர் ஆட்டம் என்றால் ஒரு போன் போதும். என் ஜோடி என் மச்சினன். நான் தூக்கிக் கொடுப்பேன், அவன் அடிப்பான். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடுகளம் பிரமாதம். 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், டேப் பிடித்து அளந்து நாடா கட்டியிருந்தார்கள். மணலைச் சலித்திருக்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு கிளிஞ்சல்கூடக் காலைக் கிழிக்கவில்லை. நெட் 2.43 மீட்டர், நடுவில் தொய்வே கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எடுத்துவிட்டது. ஏழு புள்ளிக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கத்திலிருந்து போட்ட சர்வீஸ் குப்பத்துக்குப் போனது, மறுபக்கத்திலிருந்து போட்டது நெட்டிலேயே செத்தது.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற பி.இ.டி. மாஸ்டர். அவர் விசிலுக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். உள்ளரங்கில் ஆடிப் பழகினவர்கள் மணலுக்கு வந்ததும் செய்யும் முதல் தப்பு, விரல் நுனியால் பந்தை அந்தப் பக்கம் தட்டிவிடுவது. பீச்சில் அது செல்லாது. முஷ்டியாலோ, மடக்கின விரலாலோ, உள்ளங்கையாலோ அடிக்க வேண்டும். இரண்டாவது தப்பு, பிளாக்கில், அதாவது நெட்டுக்கு மேல் தடுக்கும் கையில், பட்ட பந்தை முதல் தொடுதலாக எண்ணாமல் இன்னும் மூன்று தடவை இருக்கிறது என்று நினைப்பது. மாஸ்டர் எவரையும் விடவில்லை, கத்தவும் இல்லை. விசில் ஊதிவிட்டு, ஒரு கையைத் தூக்கி விரலை மடக்கிக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரியே இருக்கும்.

மோர் தாராளம். மத்தியானச் சாப்பாடு சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, பரவாயில்லை. கழிப்பறை ஒன்றே ஒன்று. பெண்கள் பிரிவில் ஆட வந்தவர்கள் சாலையைத் தாண்டி ஒரு டீக்கடைக்குப் போய்வந்தார்கள். அவர்களுக்கும் கட்டணம் அதே 1,600. ஆண்களுக்கு முதல் பரிசு 20,000, பெண்களுக்கு 8,000. எட்டு ஜோடிதான் வந்தது என்று காரணம் சொன்னார்கள். இப்படி வைத்தால் அடுத்த வருடம் ஆறுதான் வரும்.

இனி விதி.

போட்டி நோட்டீஸின் கடைசி வரி: கமிட்டியின் முடிவே இறுதியானது. இந்த வரியைப் பத்து வயதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் நோட்டீஸில் அந்த வரிக்கு மேலே ஏழெட்டு விதியாவது இருக்கும். வெளியூர் கெஸ்ட் பிளேயர் எத்தனை பேர், ஒருவர் எத்தனை டீமுக்கு ஆடலாம், பெயர்ப் பட்டியல் எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று. தகராறு வந்து, சட்டை கிழிந்து, அதற்கப்புறம் சேர்த்த விதிகள் அவை. இங்கே மேலே இருந்தது இரண்டே விதி. முதலில் கட்டுபவர்களுக்கு இடம். சீடிங், அதாவது பலத்தைப் பார்த்து ஜோடிகளுக்கு நம்பர் போடுவது, போன வருடப் புள்ளிகளின்படி. யாருடைய புள்ளி என்று சொல்லவில்லை.

முதல் விதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. திங்கள் இரவு 9 மணிக்கு ஃபார்ம் திறந்தது, 24 இடமும் 11 நிமிடத்தில் காலி. நான் கடையில் கணக்கு முடித்துக்கொண்டே ஜிபே செய்து உள்ளே வந்துவிட்டேன். போன வருடமும் நானும் மச்சினனும் ஆடியிருந்ததால் எங்களுக்கு 11ஆம் நம்பர் கொடுத்தார்கள். எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடி. பாம்பு நெளிகிற மாதிரி அடுக்குவார்கள்: 1, 16, 17 ஒரு பிரிவு, 2, 15, 18 அடுத்தது, கடைசிப் பிரிவில் 8, 9, 24. பிரிவுக்கு இரண்டு ஜோடி மேலே போகும். யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல், அதுதான் டிரா, செவ்வாய் இரவே வந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மச்சினன் ஆபீஸ் பையன்களோடு சிமெண்ட் தரையில் ஆடி, அடித்துவிட்டு இறங்கும்போது கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். வீட்டில் எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத வேண்டியதில்லை. அவன் அக்காவுக்கு நான்தான் குற்றவாளி.

போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தேன். "அண்ணே, டிரா போட்டாச்சுண்ணே, பேர் மாத்த முடியாது. பணமும் திரும்பாதுண்ணே" என்றான் அந்தப் பையன். நான் கெஞ்சவில்லை, கேள்விதான் கேட்டேன்: இந்த விதி எங்கே இருக்கு தம்பி? அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. டாக்டர் சீட்டு அனுப்பினால் ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் புது ஜோடி என்பதால் 11 கிடையாது, 24க்குப் போக வேண்டும், எங்களுக்குக் கீழே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு படி ஏறுவார்கள்.

இதில் எனக்கு வருத்தமே இல்லை. சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆறு பேர் டீமில் ஒருவன் மாறினால் டீம் மாறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வெளியே இன்னும் ஆள் உட்கார்ந்திருப்பான். பீச்சில் மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. அடிபட்டால் ஐந்து நிமிடம் தருவார்கள், எழுந்து வரவில்லையென்றால் ஆட்டம் போச்சு. இரண்டில் ஒருவன் மாறினால் பாதி டீம் மாறிவிட்டது. போன வருடப் புள்ளியை அடித்தவன் சோபாவில் காலுக்கு ஐஸ் கட்டி உட்கார்ந்திருக்கும்போது, அந்த நம்பரை நான் எப்படிக் கேட்பது?

பக்கத்துக் கடைக்காரர் மகன், கல்லூரி டீமில் ஆடுகிறவன், அவனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை 6:30க்குப் போய் நின்றேன். ஏழு மணிக்கு 4ஆம் நம்பர் ஜோடி வந்தது. போன வருடம் அரையிறுதி வரை போன இருவரில் ஒருவர்தான் பழைய ஆள். மற்றவர் புதுசு. ஆறடி நாலு அங்குலம் இருக்கும். வார்ம் அப்பில் அவர் இரண்டு பந்து அடித்ததுமே பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பாஷையில் சுத்தமான கெஸ்ட். பழைய பார்ட்னருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை, அவரும் வந்திருந்தார், ஷாமியானாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

நம்பர் மட்டும் அதே 4.

மேஜையில் இருந்த பையனிடம் போனேன். "அண்ணே, அவங்க போன வருஷம் செமி ஆடின டீம்ணே" என்றான். செமி ஆடினவர் அதோ மோர் குடிக்கிறாரே தம்பி என்றேன். அவன் எனக்கும் ஒரு டீ சொன்னான். நல்ல பையன். ஆனால் அது பதில் இல்லையே.

உலக அளவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். சர்வதேச கைப்பந்து சம்மேளனத்தின் உலகச் சுற்றில் இரண்டு பேரின் தனித்தனிப் புள்ளிகளைக் கூட்டித்தான் ஜோடிக்கு இடம் தருகிறார்கள். புள்ளி ஆளுக்குச் சொந்தம். ஜோடி பிரிந்தால் அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒலிம்பிக் தரவரிசை வேறு கணக்கு. பாரிசுக்கு 2023 ஜனவரியிலிருந்து 2024 ஜூன் வரை, இருவரும் ஜோடியாகச் சேர்ந்து ஆடிய போட்டிகளில் சிறந்த 12 முடிவுகளை மட்டும் எடுத்தார்கள். அங்கே புள்ளி ஜோடிக்குச் சொந்தம். நடுவில் பிரிந்தால் சுழியிலிருந்து ஆரம்பம். அதனால்தான் ஒரு ஒலிம்பிக் முடிந்த கையோடு ஜோடிகள் உடைவதும் சேர்வதும். பிரேசிலின் அனா பாட்ரிசியாவும் டூடாவும் 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் சேர்ந்து தங்கம் வாங்கினவர்கள். டோக்கியோவுக்கு ஆளுக்கொரு வேறு ஜோடியோடு போனார்கள். அது முடிந்ததும் மறுபடி சேர்ந்து, 2022 உலகப் பட்டம், 2024 பாரிஸ் தங்கம். கண்டத் தகுதிச் சுற்றில் கிடைக்கும் இடமோ நாட்டுக்குச் சொந்தம். யாரை அனுப்புவது என்பது அந்த நாட்டின் பாடு.

அவசரத்துக்கு ஆள் மாற்றுவதும் உண்டு. டோக்கியோவில் கொரோனா பாசிட்டிவ் ஆன அமெரிக்கர் டெய்லர் கிராபுக்குப் பதிலாக, ஜேக் கிப்போடு ட்ரை போர்ன் இறங்கினார். அதே ஒலிம்பிக்கில் செக் நாட்டின் ஸ்லுகோவாவுக்கும் பாசிட்டிவ். அந்த ஜோடி ஆடாமலேயே வெளியேறியது. நல்ல உடம்போடு இருந்த ஹெர்மனோவாவும் சேர்ந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்த விளையாட்டின் கொடுமை அது, அழகும் அதுவே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அழகு தெரியவில்லை.

நம்ம போட்டிக்கு வருவோம். புள்ளி ஆளுக்கு என்று வைத்தால், பழையவரின் பாதியும் புதியவரின் சுழியும் சேர்ந்து அவர்கள் எங்கோ நடுவில் விழுவார்கள். அப்படியானால் என்னையும் 24க்குத் தள்ளியிருக்கக் கூடாது, என் பாதிப் புள்ளி எனக்கு வேண்டும். புள்ளி ஜோடிக்கு என்றால் அவர்களும் அடியில். எந்தக் கணக்கில் போட்டாலும் 4 வராது. எனக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு வேறு கணக்கு, அவ்வளவுதான் நடந்தது.

இதனால் அடிபட்டது நான் இல்லை. கடலூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த இரண்டு பையன்கள், 13ஆம் நம்பர். 4, 13, 20 ஒரே பிரிவு. தங்களோடு ஆடப்போவது யார் என்று முன்கூட்டியே பார்த்து, போன வருட வீடியோவைத் தேடி, அந்த மோர் குடித்தவருக்கு இடது பக்கம் சர்வீஸ் போட்டால் தடுமாறுவார் என்று குறித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சர்வீஸ் போட அவர் கோர்ட்டில் இல்லை. 21-11. பிரிவில் இரண்டாம் இடம், அடுத்த ஆட்டமே முதல் நம்பர் ஜோடியோடு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். சத்தம் போடவில்லை. எங்கள் ஊர் என்றால் மேஜை கவிழ்ந்திருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நெட்டைக்காரரை 24இல் போட்டிருந்தால், 8ஆம் நம்பர்காரர்களும் 9ஆம் நம்பர்காரர்களும் அழுதிருப்பார்கள். என் கதையும் முழுக்கச் சுத்தம் இல்லை. கல்லூரிப் பையன் என் மச்சினனைவிட நன்றாகவே அடிக்கிறவன். 9ஆம் நம்பர் ஜோடியை நாங்கள் 21-18 ஜெயித்தபோது, அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்து, "24ன்னு போட்டிருந்துச்சே சார்?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். அவன் மூன்று தடவை விரல் நுனியால் தட்டி மாஸ்டரிடம் விசில் வாங்காமல் இருந்திருந்தால் 21-15ஆகவே முடிந்திருக்கும். அடுத்த சுற்றில் தோற்றோம். அதற்கு விதி காரணமில்லை, என் முட்டிதான்.

ஆக, டிரா போடும்வரை யார் வேண்டுமானாலும் மாறட்டும், புது ஜோடிக்குப் புதுக் கணக்கு போடுங்கள். டிராவுக்கு அப்புறம் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் மாற்றம், அதுவும் ஃபார்ம் நிரப்பும்போதே எழுதிக் கொடுத்த மூன்றாவது பெயருக்கு மட்டும். நன்றாக இருக்கிறவர் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஜோடி அன்றைக்கு ஆட வேண்டாம், காத்திருப்புப் பட்டியலில் முதலில் நிற்கிறவர்கள் வரட்டும். ஞாயிறு சாயங்காலம் பரிசு கொடுத்து முடித்தபின் இதை அந்தப் பையனிடம் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான். கோப்பை யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள். நெட்டைக்காரர் அதைத் தலைக்கு மேல் தூக்கியபோது நெட்டைவிட உயரத்தில் இருந்தது.

மணலுக்கு 5க்கு 5. நடுவருக்கு 5. சாப்பாட்டுக்கு 3. கழிப்பறைக்கு 1. விதிக்கு 2, அதில் ஒன்று அந்த டீக்காக.

டிசம்பரில் மறுபடி நடத்துகிறார்களாம். ஃபார்மில் மூன்றாவது பெயருக்கு ஒரு கட்டம் இருந்தால் 9 மணிக்கே உட்கார்ந்து கட்டிவிடுவேன். இல்லாவிட்டாலும் கட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மணல் அப்படி. மச்சினனை மட்டும் அதற்கு முந்தின வாரம் சிமெண்ட் தரைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.